பொங்கல் லீவில் அந்தமான்: அம்மாவோடு போகிறோம், எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் தூக்கலாம்?

முள்ளுக்கத்தரி

எல்லோருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன். பொங்கல் லீவில் ஐந்து இரவு அந்தமான் போவதென்று வீட்டில் முடிவாகிவிட்டது. நான், மனைவி, ஒன்பதாவது படிக்கும் பெண், நான்காவது படிக்கும் பையன், அப்புறம் அம்மா. அம்மாவுக்கு 67 வயது, முட்டி வலி உண்டு. ரத்தினகிரி மலைக்கோயிலுக்குக்கூட இப்போதெல்லாம் வண்டியில் மேலே போய் இறங்கினால்தான் ஆயிற்று.

ஏஜென்ட் ஒருவர் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். செல்லுலார் சிறை, ராஸ் தீவு, நார்த் பே, ஹேவ்லாக், எலிஃபன்ட் பீச், ராதாநகர், காலாபத்தர், நீல் தீவு, பரத்பூர், லக்ஷ்மண்பூர், இயற்கைப் பாலம், பாராதங் குகை, சிடியா தாப்பு. படித்ததுமே மூச்சு வாங்குகிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள், இதில் எதை வெட்டலாம்?

காட்பாடி ஜங்ஷன்

பாராதங்கை முதலில் வெட்டுங்கள். போர்ட் பிளேரிலிருந்து கிட்டத்தட்ட 100 கி.மீ. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை மொத்தமாகச் சேர்த்து, முன்னும் பின்னும் காவல் வைத்துத்தான் காட்டுக்குள் விடுவார்கள். முதல் அணியைப் பிடிக்க வேண்டுமானால் நடுராத்திரி தாண்டியதுமே எழுந்து கிளம்ப வேண்டும். போய், படகு மாறி, நடந்து, குகை பார்த்து, அதே வழியில் திரும்ப ஒரு முழு நாள் காலி. முட்டி வலியோடு அது தேவையா?

பாலாறு

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தமானில் எனக்கு இன்னும் கண்ணில் நிற்பது அந்தப் படகுப் பயணம்தான். இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு, கிளைகள் தலைக்கு மேல் கூரை மாதிரி மூடியிருக்கும், நடுவில் குறுகலான ஓடை. பிச்சாவரம் பார்த்தவர்களுக்குக்கூட அது வேறு அனுபவம். சுண்ணாம்புக் குகையும் நன்றாக இருந்தது. கடற்கரை எங்கேயும் பார்க்கலாம் சார், இது கிடைக்காது. அம்மாவை ஒரு நாள் அறையில் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் நால்வரும் போய் வாருங்கள்.

அபர்டீன் பஜார்

குடியாத்தம் பக்கம் பிறந்தவள், கல்யாணமாகி வந்ததிலிருந்து போர்ட் பிளேரில் இருக்கிறேன். 2024 செப்டம்பரில் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். விமான டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் பயப்படாதீர்கள், இதே ஊர்தான். ஹேவ்லாக் இப்போது ஸ்வராஜ் தீவு, நீல் இப்போது ஷஹீத் தீவு, ராஸ் தீவுக்கு நேதாஜி பெயர். இந்த மூன்றும் 2018 டிசம்பரில் மாறியவை. படகுத்துறையில் பழைய பெயரைச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள்.

பாலாறு தம்பி சொல்லும் ஓடை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே போகும் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதியைக் கிழித்துக்கொண்டு போகிறது. அவர்கள் மொத்தமே சில நூறு பேர். வெளி ஆட்கள் மூலம் போகும் ஒரு சாதாரணத் தொற்றுகூட அவர்களுக்கு ஆபத்து. காப்புப் பகுதிக்குள் சாலையை மூடச் சொல்லி 2002லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்னும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 2012இல் சுற்றுலாக்காரர்களுக்காக அவர்களை ஆட வைத்த வீடியோ வெளியாகி நாடே தலைகுனிந்தது. வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். ஆனாலும் 'ஜாரவா தெரிவார்களா?' என்று டிரைவரிடம் கேட்டுக்கொண்டு ஏறுகிற கூட்டம் குறையவில்லை. மனிதர்களை வண்டி ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கும் அந்த வரிசையில் குழந்தைகளைக் கூட்டிப்போய் உட்கார வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களையும் நான் அனுப்புவதில்லை.

இன்னொரு விஷயம், ஏஜென்ட் திட்டத்தில் யாரும் எழுதுவதில்லை. இங்கே கடிகாரம் உங்கள் ஊர்க் கடிகாரம்தான், சூரியன் மட்டும் வேறு. ஜனவரி நடுவில் வேலூரில் ஆறு மணி தாண்டி இருட்டும். இங்கே ஐந்தேகாலுக்கே சூரியன் மறைந்துவிடும். மத்தியானம் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, காபி குடித்துவிட்டு பீச்சுக்குப் போகலாம் என்று நினைத்தால் டார்ச் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். அதனால் ஒரு நாளைக்கு ஏஜென்ட் சொல்லும் நான்கு இடமெல்லாம் ஆகாது. காலையில் ஒன்று, மூன்று மணிக்கு மேல் ஒன்று. அவ்வளவுதான்.

உங்கள் பட்டியலில் நார்த் பே வேண்டாம், சிடியா தாப்பு வேண்டாம். ராதாநகர் இருந்தால் காலாபத்தரில் கால் மணி நேரம் நின்று பார்த்தால் போதும்.

முள்ளுக்கத்தரி

அக்கா, ரொம்ப நன்றி. பாராதங் போனது. பாலாறு கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அம்மாவை அறையில் விட்டுவிட்டுப் போகும் யோசனை வேண்டாம். அவர் வருவதற்காகத்தான் இந்தப் பயணமே. காந்தி ரோட்டில் சி.எம்.சி.க்கு எதிரே பல வருடம் சின்னதாகக் கடை வைத்திருந்தவர். வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்கும் வங்காளிகளிடம் வியாபாரம் செய்தே அந்தப் பாஷையை ஓரளவு கற்றுக்கொண்டார். கடலை மெரினாவில் பார்த்ததோடு சரி.

குழந்தைகள் பவளம் பார்க்க வேண்டும் என்கிறார்கள். எலிஃபன்ட் பீச்சா, ஜாலி பாயா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

மக்கன்பேடா

ஆற்காட்டுக்காரன், கடலுக்கடியில் போவதுதான் என் பைத்தியம், அதனால் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜாலி பாய் என்பது வண்டூரில் உள்ள மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் தீவு. அங்கே யாரும் குடியிருக்கவில்லை, கடை கிடையாது. பிளாஸ்டிக் பாட்டில், கவர் எதுவும் உள்ளே போகக் கூடாது என்பதில் கறாராக இருப்பார்கள். வருடம் முழுக்கத் திறந்திருக்காது. ஜாலி பாயும் ரெட் ஸ்கின் தீவும் மாறி மாறித் திறக்கும். பவளத்துக்கு ஓய்வு கொடுக்கத்தான். ஜனவரியில் பொதுவாக ஜாலி பாய் முறை. வார விடுமுறை உண்டு, கிழமையைக் கேட்டுக்கொண்டு அனுமதிச்சீட்டு முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். கண்ணாடித்தளப் படகில் உட்கார்ந்தபடியே அம்மாவும் பவளத்தைப் பார்க்கலாம். ஆனால் பெரிய படகிலிருந்து நடுக்கடலில் சின்னப் படகுக்கு இறங்கி மாற வேண்டும். கை கொடுப்பார்கள், இருந்தாலும் முட்டியை யோசித்துக்கொள்ளுங்கள்.

எலிஃபன்ட் பீச் ஹேவ்லாக்கில் இருக்கிறது. படகுத்துறையிலிருந்து விசைப்படகில் அரை மணிக்குள் போய்விடலாம். கரையை ஒட்டியே பவளம் இருப்பதால் நீச்சல் தெரியாத குழந்தையும் மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டு முகமூடி வழியாகப் பார்க்கலாம். குறை என்னவென்றால் கூட்டம். ஜெட் ஸ்கி சத்தம், 'சார் பனானா போட்' என்று பின்னாலேயே வரும் ஆட்கள். முதல் படகில் போய், கூட்டம் சேர்வதற்குள் திரும்பிவிட்டால் பிழைத்தீர்கள்.

என் ஓட்டு இந்தக் குடும்பத்துக்கு எலிஃபன்ட் பீச். பவளம் ஜாலி பாயில்தான் மேல், அது வேறு விஷயம். நான்காவது படிக்கும் பையன் பயப்படாமல் தண்ணீரில் முகத்தை வைக்க வேண்டும் என்றால் கரை பக்கத்தில் இருக்க வேண்டும்.

பவளம் எல்லாம் டிவியில் பார்க்கிற மாதிரி பளபளவென்று இருக்கும் என்று குழந்தைகளிடம் சொல்லி வைக்காதீர்கள். 2010இல் கடல்நீர் சூடேறி இங்கே பவளங்கள் பெருமளவு வெளுத்துப்போயின. சில இடங்களில் மீண்டு வருகிறது, சில இடங்களில் சாம்பல் நிறக் கல்லாகத்தான் கிடக்கிறது. மீன்கள் ஏமாற்றாது. கிளிமீன், பட்டாம்பூச்சி மீன், கடல் சாமந்திக்குள் ஒளியும் கோமாளி மீன் எல்லாம் ஆழமில்லாத இடத்திலேயே தெரியும். காலை மட்டும் பவளத்தின் மேல் ஊன்றக் கூடாது. அது உயிர்; மிதித்தால் செத்துவிடும், உங்கள் காலையும் கிழிக்கும்.

பெண் ஸ்கூபா ஆசைப்பட்டால் செய்யலாம், பத்து வயது தாண்டியிருந்தால் போதும், நீச்சல் தெரிய வேண்டியதில்லை, பயிற்சியாளர் பிடித்துக்கொண்டேதான் போவார். ஆஸ்துமா, காது வலி இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முக்கியமாக, ஸ்கூபா முடித்த அடுத்த நாளே காலை விமானம் ஏறும்படி வைக்காதீர்கள். குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் ஒரு நாள் முழுக்க இடைவெளி வேண்டும். உடம்பில் கரைந்த நைட்ரஜன் விமானத்தின் குறைந்த காற்றழுத்தத்தில் குமிழியாகக் கிளம்பிவிடும். முகமூடி போட்டு மேலே மிதப்பதற்கு இந்தத் தொல்லை இல்லை.

சோளிங்கர்

விமானத்துக்கு ஏன் இவ்வளவு செலவு? சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் போங்கள், அதுவே ஒரு அனுபவம். அப்புறம் செல்லுலார் சிறையை மட்டும் விடக் கூடாது. நம் வேலூர்க் கோட்டையில் புரட்சி செய்த சிப்பாய்களை அங்கேதானே கொண்டுபோய் அடைத்தார்கள்.

காட்பாடி ஜங்ஷன்

கப்பல் ஒரு வழிக்கே ஏறத்தாழ மூன்று நாள். ஐந்து இரவு லீவில் போய்ச் சேர்ந்ததும் திரும்ப வேண்டியதுதான்.

கோட்டைவாசல்

பணி ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன். சோளிங்கர் சொன்னதைத் திருத்த வேண்டியிருக்கிறது. வேலூர்ப் புரட்சி 1806 ஜூலை 10. அந்தமானில் கைதிகள் குடியிருப்பு தொடங்கியது 1858 மார்ச்சில், 1857 எழுச்சிக்குப் பிறகு. இடையில் அரை நூற்றாண்டு இருக்கிறது. செல்லுலார் சிறைக் கட்டடம் இன்னும் பிந்தியது. 1896இல் ஆரம்பித்து 1906இல் முடித்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து தீவுக்கு நாடுகடத்தப்பட்டவர்களைத் தேடினால் 1802இல் பினாங்குக்கு அனுப்பப்பட்ட சிவகங்கைப் போராளிகளைச் சொல்லலாம். சின்ன மருதுவின் மகன் துரைசாமி அதில் ஒருவர். நம் வேலூரில் நடந்தது தலைகீழ். தீவிலிருந்து இங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்க் கோட்டையில்தான் சிறையிருந்து 1832இல் இறந்தார். பாலாற்றங்கரை முத்து மண்டபம் அவருக்காகத்தான்.

குழந்தைகளைச் சிறைக்குக் கூட்டிப்போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள். நடுவில் ஒரு காவல் கோபுரம், அதிலிருந்து ஏழு திசைக்கு ஏழு சிறகுகள். ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருப்பார்கள். எதிர் அறையில் யார் இருக்கிறார் என்று கைதிக்குத் தெரியவே கூடாது. அடியைவிட அந்தத் தனிமைதான் அங்கே தண்டனை. இன்று மூன்று சிறகுகள்தான் மிச்சம். செக்கு இழுக்க வைத்த இடம், தூக்கு மேடை இரண்டையும் பார்த்துவிட்டு மேல்மாடிக்கு ஏறினால் கடல் தெரியும். அம்மா கீழேயே இருந்தால்கூட முக்கியமானதைப் பார்த்துவிடலாம். மாலை ஒலி-ஒளிக் காட்சி பெரும்பாலும் இந்தியில்தான் நடக்கும். கதை முன்பே தெரிந்திருந்தால் பிள்ளைகள் கொட்டாவி விட மாட்டார்கள்.

நீல் தீவுக்குப் போகிறவர்களுக்காக இன்னொன்று. அந்தப் பழைய பெயர் 1857இல் கொடூரமாகப் பழிவாங்கிய கர்னல் நீல் பெயர். அவன் சிலை சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றது. அதை எடுக்கச் சொல்லி 1927இல் சத்தியாக்கிரகம் நடந்தது, ராஜாஜி ஆட்சிக்கு வந்த 1937இல்தான் அகற்றினார்கள். தீவின் பெயர் போக 2018 வரை ஆயிற்று.

மரக்கடை

யாரும் சொல்லாததால் சொல்கிறேன். போர்ட் பிளேரில் சாத்தம் மர ஆலை பாருங்கள். 1883இல் தொடங்கியது. ஜப்பான்காரன் 1942இல் போட்ட குண்டில் விழுந்த பள்ளத்தை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். அந்தமான் படாக் மரம் அறுக்கும்போது உள்ளே சிவப்பு ஓடும் பாருங்கள், நம் ஜவ்வாது மலை வேங்கை, ஆந்திர எல்லைச் செம்மரம் எல்லாம் அதற்குப் பங்காளிதான், ஒரே பேரினம். ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். குடும்பத்துக்கு அலுப்பாக இருந்தால் நீங்கள் மட்டும் ஒரு மணி நேரம் போய் வாருங்கள்.

பாலாறு

மர ஆலை பார்க்கவா விமானம் ஏறுகிறார்கள்!

சரி, நீல் தீவு பற்றி என் கருத்து: அங்கே ராத்திரி தங்கத் தேவையில்லை. போய் இறங்கி, பரத்பூர் பார்த்து, இயற்கைப் பாலம் பார்த்து, மாலைப் படகில் திரும்பிவிடலாம். அந்த இரவை ஹேவ்லாக்குக்குக் கொடுங்கள்.

அபர்டீன் பஜார்

இந்த விஷயத்திலும் நேர் எதிர்தான் தம்பி நான். வயதானவர் இருந்தால் ஹேவ்லாக்கில் ஒரு இரவு, நீல் தீவில் இரண்டு இரவு என்பேன்.

ஹேவ்லாக் பெரிது. படகுத்துறையிலிருந்து ராதாநகர் 12 கி.மீ. அந்தக் கடற்கரையை விடக் கூடாது. வெள்ளை மணல், பின்னால் காடு, சாயங்காலம் நான்கு மணிக்குப் போய் உட்கார்ந்தால் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்த்துவிட்டு எழலாம். சுத்தமான கடற்கரைகளுக்குக் கொடுக்கும் நீலக்கொடிச் சான்றை 2020இல் பெற்றது, கழிப்பறை, உடை மாற்றும் இடம் எல்லாம் உண்டு. உயிர்காப்பாளர் நிற்கும் பகுதியில் மட்டும் இறங்குங்கள். ஓரமாக ஓடை கலக்கும் பக்கம் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் அது சும்மா வைத்ததில்லை. உவர்நீர் முதலை இங்கே நிஜமாகவே உண்டு.

நீல் தீவு நம் ஊர்ப்பக்கம் மாதிரி. வயல், வாழைத்தோப்பு, காய்கறித் தோட்டம். போர்ட் பிளேர் சந்தைக்குக் காய்கறி இங்கிருந்துதான் நிறைய வருகிறது. எங்கே போனாலும் ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான். குடியிருப்பவர்கள் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேற்றப்பட்ட குடும்பங்கள். உங்கள் அம்மா அங்கே இளநீர்க்கடைக்காரம்மாவிடம் வங்காளத்தில் பேச ஆரம்பித்தால் அவரைக் கிளப்பிக் கூட்டிவருவதுதான் உங்கள் வேலையாக இருக்கும். பரத்பூர் கடற்கரை படகுத்துறைக்குப் பக்கத்திலேயே, ஆழமில்லாத தெளிந்த தண்ணீர், முழங்கால் அளவில் நின்றுகொண்டே இருக்கலாம்.

இயற்கைப் பாலம் கடல் வற்றும் நேரத்தில்தான் பார்க்க முடியும். மற்ற நேரம் வழி தண்ணீரில் முழுகியிருக்கும். தங்கும் இடத்தில் கேட்டால் அன்றைக்கு எத்தனை மணிக்கு வற்றும் என்று சொல்வார்கள். மாலைப் படகுக்குள் முடித்துவிடலாம் என்கிற கணக்கு இங்கேதான் உதைக்கும்: அன்று வற்றும் நேரம் படகு நேரத்தோடு ஒத்து வராவிட்டால் ஒன்றும் இல்லை. பாறை எல்லாம் பாசி வழுக்கும். அம்மாவை அங்கே இறக்காதீர்கள். பிள்ளைகளோடு அப்பா போகட்டும். குழியில் தேங்கிய தண்ணீரில் கடல் வெள்ளரி, நண்டு, குட்டி மீன் எல்லாம் உள்ளூர் வழிகாட்டி காட்டுவார்.

பையனிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: கரையில் கிடக்கும் சங்கு, பவளத் துண்டு எதையும் பையில் போடக் கூடாது. சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள். பலர் அங்கே அழும் குழந்தையைச் சமாதானம் செய்துகொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

காட்பாடி ஜங்ஷன்

அக்கா சொன்ன கணக்கே சரி. போக்குவரத்து பற்றி என் பங்கு.

சென்னையிலிருந்து விமானம் இரண்டேகால் மணி நேரம் போல. காலை விமானம் என்றால் முதல் நாள் சாயங்காலமே காட்பாடியில் ரயில் ஏறிவிடுங்கள். சென்ட்ரலில் இறங்கினால் மெட்ரோ நேராக விமான நிலையம் போகிறது. விடியற்காலை பைபாஸில் வாடகைக் காரில் பறக்கும் வேலை வேண்டாம்.

தீவுகளுக்கு இடையே தனியார் அதிவேகப் படகு, அரசுப் படகு இரண்டும் உண்டு. தனியார் படகில் ஹேவ்லாக் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி, ஏ.சி., மூடிய ஜன்னல். அலை இருந்தால் வயிறு புரட்டும். நடுவில், பின்பக்கமாக இருக்கை கேளுங்கள். வெறும் வயிற்றோடும் போக வேண்டாம், பூரி கிழங்கு மூக்குமுட்டத் தின்றுவிட்டும் போக வேண்டாம். அம்மாவின் டாக்டரிடம் கேட்டு வாந்தி மாத்திரை வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

கடைசி இரவு கண்டிப்பாகப் போர்ட் பிளேரில் இருக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், ஜனவரியில் அபூர்வம்தான், ஆனாலும் நடக்கும். அன்றைக்கே விமானம் என்று வைத்தவர்கள் படகுத்துறையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். 2020இல் சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்த பிறகு போர்ட் பிளேரில் நெட் நன்றாகிவிட்டது. சின்னத் தீவுகளில் மட்டும் ஜிபேயை நம்பி இளநீர் வெட்டச் சொல்லாதீர்கள்.

சோளிங்கர்

இவ்வளவு யோசித்துப் போவதற்கு லட்சத்தீவு போய்விடலாமே? கூட்டமே இருக்காது.

மக்கன்பேடா

தண்ணீர் அங்கே இன்னும் தெளிவு, சந்தேகமே இல்லை. ஆனால் இந்தியர்களுக்கும் நுழைவு அனுமதி வேண்டும், பெரும்பாலும் கொச்சி வழியாகத்தான் போக வேண்டும், தங்கும் இடம் கொஞ்சம்தான். பொங்கலுக்குள் ஐந்து பேருக்கு எல்லாம் கூடி வருவது கஷ்டம். அந்தமானில் நிக்கோபார், பழங்குடிக் காப்புப் பகுதிகள் தவிர வழக்கமான இடங்களுக்கு நமக்கு அனுமதிச்சீட்டுத் தொல்லை இல்லை, ஆதார் போதும்.

முள்ளுக்கத்தரி

எல்லாம் படித்து வீட்டில் உட்கார்ந்து பேசினோம். இப்போதைய திட்டம் இது.

முதல் நாள் போர்ட் பிளேர், மாலையில் சிறையும் ஒலி-ஒளியும். இரண்டாம் நாள் காலைப் படகில் ஹேவ்லாக், சாயங்காலம் ராதாநகர். மூன்றாம் நாள் முதல் படகில் எலிஃபன்ட் பீச் நானும் பிள்ளைகளும். அம்மாவும் மனைவியும் காலாபத்தர். மத்தியானம் நீல். நான்காம் நாள் முழுக்க நீல், வேறு வேலை இல்லை. ஐந்தாம் நாள் போர்ட் பிளேர் திரும்பி ராஸ் தீவு. ஆறாம் நாள் விமானம். பெண் ஸ்கூபாவை அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டாள், கொஞ்சம் முறைப்புடன்.

இரண்டு கேள்வி. ராஸ் தீவில் அம்மா நடக்க முடியுமா? நாங்கள் இறங்கும் நாள் பொங்கல். அம்மாவுக்குக் கோயில் ஏதாவது வேண்டும்.

அபர்டீன் பஜார்

ராஸ் தீவில் பேட்டரி வண்டி இருக்கிறது, துறையில் இறங்கியதும் கேளுங்கள். வெள்ளைக்காரன் 1941 நிலநடுக்கம் வரை தலைமையிடமாக வைத்திருந்த தீவு. சர்ச், பேக்கரி, பங்களா எல்லாவற்றையும் இப்போது ஆல இன மரங்களின் வேர்கள் பிடித்து வைத்திருக்கின்றன. மான்கள் பக்கத்தில் வரும், பிஸ்கட் கொடுக்காமல் இருக்கப் பையனைப் பிடித்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை விடுமுறை. உங்கள் ஐந்தாம் நாள் என்ன கிழமை என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

கோயிலுக்குக் கவலையே வேண்டாம், ஊருக்குள்ளேயே வெற்றிமலை முருகன் இருக்கிறார். தமிழ்க் குடும்பங்கள் இங்கே ஏராளம், பங்குனி உத்திரத்துக்குக் காவடி எல்லாம் எடுப்பார்கள். பொங்கலன்று காலையில் இறங்கினால் நேராக அங்கே போய்விட்டு அறைக்குப் போங்கள்.

முள்ளுக்கத்தரி

காலண்டரில் பார்த்துவிட்டேன் அக்கா, ஐந்தாம் நாள் புதனில்லை. இன்றைக்கே டிக்கெட் போடுகிறேன். மர ஆலைக்கு ஆறாம் நாள் காலையில் ஒரு மணி நேரம் கிடைக்கும் போலிருக்கிறது, பாலாறு சிரித்தாலும் சரி.

மரக்கடை

விற்பனைக் கூடத்தில் படாக்கில் செய்த சின்னச் சாமான் கிடைத்தால் வாங்குங்கள், ரசீது பத்திரம். விமான நிலையத்தில் கேட்பார்கள்.